நாக்கில் நனைத்த நூல்

ஆடி, செவ்வாய் இரவு.

ஆய்வகத்தில் இன்று பெரிய மடத்தனம் செய்துவிட்டேன். விமானத்துக்கென்று வந்த புது உலோகக் கலவையின் தூள் உடம்புக்கு நஞ்சா என்று சோதிப்பதுதான் எங்கள் வேலை. காலையில் தூள் பையைக் கட்டும்போது நூல் நுனி பிரிந்துகொண்டது. தறிவீட்டில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? முகக்கவசத்தை இறக்கி, நுனியை நாக்கில் நனைத்து முறுக்கிவிட்டேன். கையுறையெல்லாம் தூள்.

மதியம் நுண்ணோக்கியில் பார்த்தோம். அந்தத் தூள் போட்ட செல்கள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன.

"யார் மேலயாவது தூள் பட்டுதாம்மா?" என்று ஆய்வகத் தலைவர் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வீட்டுக்கு வந்து நாலைந்து முறை வாய் கொப்பளித்தேன். பாப்பா பாலுக்கு அழுதாள். மாவுப்பால் கரைத்துக் கொடுத்தேன்.

"இன்னாமா, புட்டியில குடுக்கற? கொழந்த அழுதுக்கினே இருக்குது பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்குச் சளி புடிச்சிருக்குது" என்றேன். இது இரண்டாவது பொய்.

நாளை சாரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை...

பாப்பா தூக்கத்தில் வாயைச் சப்புகிறாள். என் ரவிக்கை நனைந்துகொண்டே இருக்கிறது.