குமுதாவின் கன்னத்துப் பொட்டு

சிட்லபாக்கம்
2-6-1969

அன்புள்ள லோகநாயகிக்கு,

தேவகிருபையால் இங்கே நலம். உங்கள் குமுதாவும் நலம். காலையில் ரயிலுக்கு ஓடுகிற உங்களிடமும், சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்காமலே குழந்தையை வாங்கிக்கொள்கிற உங்கள் வீட்டுக்காரரிடமும் பேச வாய்ப்பில்லை. அதனால் குழந்தையின் பையில் இதை வைக்கிறேன். தினமும் தாய்க்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் சட்டம். எனக்குக் குறிப்பாக எழுத வராது, கடிதமாகிவிடும்.

பத்து மணிவரை வாசலைப் பார்த்து அழுதாள். பிறகு என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிச் சமாதானமாகிவிட்டாள். மத்தியானம் பருப்புசாதம் அரைக் கிண்ணம். ஒன்றரை மணி நேரம் தூக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பயிற்சியில் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. சனிக்கிழமைதோறும் தாம்பரத்தில் தபீதாள் டீச்சர் வகுப்பு எடுக்கிறார். இருபத்தேழாம் தேதி அவர் என் வீட்டைப் பார்க்க வருவார். அன்று என் பொறுப்பில் ஒரு குழந்தையாவது இருந்தால்தான் சர்டிபிகேட். இப்போதைக்கு உங்கள் மகள் ஒருத்திதான். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் பரீட்சை இது. 'பாஸானால் ஆயா, ஃபெயிலானால் பழையபடி சமையற்காரி' என்று என் வீட்டுக்காரர் சுந்தர்சிங் கேலி செய்கிறார். செய்யட்டும்.

அன்புடன்,
மெட்டில்டா


குரோம்பேட்டை
4-6-1969

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ரயிலில் மாம்பலம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுதும் யார் யாருக்கோ லைன் கொடுக்கிறேன். என் பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்க எனக்கு ஒரு லைன் இல்லையே என்று ஏங்குவேன். இப்போது மனசு கொஞ்சம் ஆறியது.

அரைக் கிண்ணம் சாதம் என்று எழுதியதைத்தான் நம்ப முடியவில்லை. என்னிடம் நாலு வாய்க்கு மேல் வாங்க மாட்டாள். எனக்குக் கோபம் அவள்மேல்தான், உங்கள்மேல் இல்லை.

இப்படிக்கு,
லோகநாயகி


குரோம்பேட்டை
14-6-1969

அம்மா அவர்களுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். திங்கள் முதல் குமுதா வரமாட்டாள்.

தினமும் நெற்றியில் சாந்துப்பொட்டும் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டும் வைத்து அனுப்புகிறேன். தினமும் வெறும் முகத்தோடு திரும்புகிறாள். வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். நேற்று இவர் கவனித்துவிட்டார். "அந்தம்மா பொட்ட அழிச்சி அனுப்புது. நாளைக்கிப் பேரையும் மாத்திடும்" என்றார். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். பின்னே ஏன் அழிக்கிறார் என்று கேட்டார்.

பெண் குழந்தையை வெறும் நெற்றியோடு பார்க்க எங்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இவர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் அவரே பார்த்துக்கொள்வாராம். உங்கள் பரீட்சையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எனக்கு வேறு வழியில்லை.

லோகநாயகி


சிட்லபாக்கம்
16-6-1969

அன்புள்ள லோகநாயகிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழித்தது நான்தான்.

தாயிடம் கொடுக்கும்முன் குழந்தையின் முகம், கை, கால் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது டீச்சரின் பாடம். கழுவினேன். பொட்டு போனதையும் பார்த்தேன். மறுபடி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் பழக்கமில்லை. கன்னத்தில் ஒட்டிய சோற்றுப்பருக்கையைத் துடைப்பதுபோல்தான் அதையும் துடைத்தேன். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை இதுதான். பேரை மாற்றும் எண்ணமெல்லாம் எனக்கில்லை. குமுதா, குமுதா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்ட வாய் இது.

மறுபடி அனுப்பினால் சாந்தையும் மை டப்பாவையும் பையில் வையுங்கள். கழுவியபின் நானே வைத்துவிடுகிறேன். டீச்சர் என்ன சொல்வாரோ, எங்கள் சபையில் என்ன பேசுவார்களோ, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பரீட்சைக்காகக் கெஞ்சுகிறாள் என்று நினைப்பீர்கள். அதற்காகவும்தான். ஆனால் இன்று மத்தியானம் பழக்கத்தில் அவள் பாயை விரித்துவிட்டு, பிறகு சுருட்டி வைத்தேன். அப்போது வந்த அழுகை பரீட்சைக்காக வந்ததில்லை.

மெட்டில்டா


குரோம்பேட்டை
22-6-1969

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடாததை மன்னியுங்கள். கடிதம் வந்ததைச் சொன்னேனே தவிர, இவரிடம் படித்துக்காட்டத் தைரியம் வரவில்லை.

மூன்று நாள் ராத்திரி வேலை செய்துவிட்டுப் பகலில் குழந்தையைப் பார்த்தார். நாலாம் நாள் வியாழக்கிழமை, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். குமுதா மை டப்பாவை எடுத்துத் தன் முகம், சுவர், அப்பாவின் மீசை என்று ஒன்றுவிடாமல் பூசிவிட்டாள். சாயங்காலம் நான் வந்தபோது இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்தார்கள். இவர் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், அவள் தெருவே கேட்கும்படி கத்துகிறாள். மை போனது. நெற்றிப்பொட்டும் கூடவே போனது.

துண்டோடு தூக்கிவைத்துக்கொண்டு அந்த வெறும் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அந்தம்மா லெட்டர் போட்டுதே, இன்னா எழுதிக்கீது? படி" என்றார். படித்தேன். சோற்றுப்பருக்கை வந்த இடத்தைத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை, அதையும் படித்தேன். "மறைக்காம எழுதிக்கீது. திங்கக்கெழமலேர்ந்து கொண்டும் போய் வுடு" என்றார்.

பகல் ஷிஃப்டுக்குத் திரும்பிவிட்டார். சாந்தும் புது மை டப்பாவும் பையில் இருக்கும். உங்களைச் சந்தேகப்பட்டு எழுதியதை நினைத்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது அக்கா.

உங்கள் தங்கை,
லோகநாயகி


சிட்லபாக்கம்
27-6-1969

அன்புத் தங்கை லோகநாயகிக்கு,

இன்று டீச்சர் வந்தார்.

அவர் வருவதற்குச் சற்று முன்னால்தான் குமுதா கேழ்வரகுக் கஞ்சியை முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். கழுவிவிட்டு இரண்டு பொட்டும் வைத்தேன். ஐந்து நாளாக வைத்தும் எனக்கு வட்டம் வரவில்லை. நெற்றிப்பொட்டு புருவத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

யார் வைத்தது என்று டீச்சர் கேட்டார். நான்தான் என்றேன். நீயா என்று கேட்டார். "அவங்க அம்மா வச்சு அனுப்பினாங்க டீச்சர். நான் கழுவினா நான்தானே திரும்ப வைக்கணும்" என்றேன். அவர் அடுப்படி, ஆறவைத்த தண்ணீர், மருந்து அலமாரி எல்லாவற்றையும் தனியாகவே போய்ப் பார்த்தார்.

அவர் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் வந்ததிலிருந்து நான் எழுந்து நிற்கவே இல்லை. வகுப்பில் அவரைக் கண்டதும் முதலில் எழுந்து நிற்கிறவள் நான். பதறிப்போய் எழப் பார்த்தேன். குமுதா சிணுங்கினாள். டீச்சர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "உக்காருங்க மெட்டில்டா. பிள்ளைய எழுப்பிட்டு எனக்கு மரியாதை பண்ணியிருந்தா, ஃபெயில் பண்ணியிருப்பேன்" என்றார்.

அவர் போனதும் குழந்தையின் முகத்தில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். பொட்டு என் மூக்கில் ஒட்டிக்கொண்டது. மறுபடி வைத்து அனுப்பியிருக்கிறேன். இதுவும் கோணல்தான்.

அன்புடன் உன் அக்கா,
மெட்டில்டா