நீலச் சட்டைச் சோதனை

என் விஞ்ஞானிக்கு,

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிடு. இங்கே கோடை உழவு முடிந்தது. ஆள்காட்டிக் குருவி முட்டையிட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு டிராக்டரைச் சுற்றி ஓட்டச் சொன்னேன்.

ஆள்காட்டி மனிதரை முகம் பார்த்தே அறியும் என்று முதன்முதலில் நிரூபித்தவள் நீ. வெளிநாட்டுக்காரர்களெல்லாம் நம்பினார்கள். உன் வீட்டுக்காரன்தான் நம்பவில்லை. "அதுக்குத் தெரிஞ்சது, சேலைக்கு மேல நீ மாட்டுத என் பழைய நீலச் சட்டைதான்" என்று உன்னோடு எத்தனை சண்டை!

நேற்று அந்தச் சட்டையைப் போட்டு, உன்னைப் போலவே தலையில் துண்டு கட்டிக்கொண்டு கரிசலில் இறங்கினேன். டிராக்டர்க்கார சுடலைராஜ் சிரித்தான்: "அண்ணாச்சி, மதினி சட்டையைப் போட்டா குருவி ஏமாந்துருமா?"

ஏமாறவில்லை. ஊருக்கே கேட்கும்படி கத்தி, தலைக்கு மேலே பாய்ந்து, என்னை ரோடு வரை விரட்டியது. நீ பக்கத்தில் போனால் வாயே திறக்காமல் முட்டை மேல் உட்கார்ந்திருக்கிற அதே குருவி! நீ ஜெயித்துவிட்டாய்.

டிஸ்சார்ஜ் ஆனதும் சென்னையிலேயே இருந்துவிடச் சொல்கிறாளாமே மகள். உன் இஷ்டம். குஞ்சு இன்னும் பொரிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நீ இல்லாததைக் குருவி கத்திச் சொல்லிவிட்டது. எனக்கு அப்படிக் கத்த வராது.

உன்
சட்டைக்காரன்