ஆட்டக்காரருடன் ஓர் ஆள்

வெள்ளக்கடை, ஏற்காடு
24 நவம்பர் 2020

அன்புள்ள சிவசக்திக்கு,

காபி பறிப்பை விட்டுவிட்டு வர முடியாது என்று நான் மறுத்துவிட்டதாக ஒண்டிக்கடை முக்கில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. கொரோனாவுக்குப் பயந்து மறுத்தேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. ஒருத்தி மறுப்பதற்கு முதலில் அவளை யாராவது கூப்பிட்டிருக்க வேண்டும். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று ஆராயி பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, தம்பி அத்தன சொல்லியும் போகமாட்டேன்னுட்டீங்களாமா? பழம் பறிக்க நாங்க இல்லைங்களா?" என்றாள். யார் சொன்னது என்றேன். "பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க" என்றாள். பஸ்ஸில் பேசுவதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. உனக்குச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவள் நீ.

விதிகளை நான் முழுவதும் படித்தாயிற்று. கிளப் அனுப்பியதைக் கவிதா எனக்கும் அனுப்பினாள். கொரோனாவால் இந்த சீசனின் எல்லாக் கால்பந்து ஆட்டமும் கோவாவில். கிளப்புக்கு ஓர் ஓட்டல். ஓட்டல், பயிற்சி மைதானம், ஸ்டேடியம் தவிர மார்ச் வரை வேறெங்கும் போகக் கூடாது. வெளியாட்கள் ஆட்டம் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் குடும்பத்தில் பெரியவர் ஒருவரையும் தன் குழந்தைகளையும் உடன் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு மட்டும் கேலரியில் இடம் உண்டு.

கவிதா சேலத்தில் கொரோனா வார்டில் நர்ஸாக இருக்கும்போது குழந்தை மலர் அப்பாவோடு இருப்பதுதான் நல்லது. என் மருமகள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றதும் யுவராஜுக்குத் தாயின் நினைவு வரவில்லை. தாயின் தங்கை நினைவு வந்திருக்கிறது.

பதின்மூன்று வருஷமாக அவன் ஆடுகிறான். பழம் பழுக்கிற மாதங்களும் பந்து உருள்கிற மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவன் அப்பா ஸ்டேடியத்துக்குப் போவார், நான் களத்தில் காபி உலர்த்துவேன். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் தோட்டத்துக் கணக்கைப் பார்க்கச் சென்றாயனை ரைட்டராக வைத்துக்கொண்டதே நானும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்றுதான். முப்பத்து நான்கு வயது டிஃபெண்டருக்கு இன்னொரு சீசன் யார் தருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை டிவியில் உன் மஞ்சள் சேலையைப் பார்த்தேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாதவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய். கோல் விழுந்தபோது நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

உன் அக்கா,
கலாவதி


கோவா
டிசம்பர் 5

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சேலத்தில் எங்கள் வீட்டுக்காரர் தோசை சுடக் கற்றுக்கொண்டுவிட்டார், முதல் இரண்டு தோசை நாய்க்கு, மூன்றாவது தனக்கு என்று சொல்கிறார்.

உங்கள் கடிதம் வந்தது. வெளியிலிருந்து எது வந்தாலும் வாசலில் வைத்து மருந்து அடிக்கிறார்கள். உறை நனைந்து மை பரவிவிட்டது. நீங்கள் கோபமாக எழுதிய இடங்களில் பேனாவை அழுத்தியிருந்தீர்கள், அவை மட்டும் நன்றாகத் தெரிந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீங்கள் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் அம்மாவைக் கூப்பிடவில்லை என்று இங்கே வந்த அன்றே யுவராஜிடம் கேட்டேன். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நீங்கள் அவன் செய்த தப்புகளைப் போனில் எழுதி அனுப்புகிறீர்கள் அல்லவா. அதை அவன் தானாகத் திறப்பதில்லை, அக்கா. என்னிடம் கொடுத்து, "அம்மா இன்னிக்கு எத்தன போட்டிருக்காங்க சித்தி?" என்பான். நான் ஒன்று இரண்டைக் குறைத்துத்தான் வாசிப்பேன். அவன் கண்டுபிடித்துவிடுவான். "அந்த கார்னர் கிக்க அம்மா விட்டிருக்க மாட்டாங்களே, அதையும் படிங்க" என்பான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா சொல்றதெல்லாம் நொம்பச் சரியாத்தான் இருக்கும். டிவில பாத்துச் சொன்னா அடுத்த நாளு திருத்திக்குவேன். கேலரில ஒக்காந்திருந்தாங்கன்னா பந்து வாரதுக்கு முன்னாலயே அம்மா மொகம் வந்துருமுங்க சித்தி. அப்பறம் காலு எங்க ஓடும்?"

நீங்கள் சொன்னது உண்மை, எனக்கு ஆட்டம் புரியாது. பந்தின் பின்னால் போய்க் கண் வலிக்கிறது. அதனால் நான் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பந்து அந்தக் கோடிக்குப் போனதும் அவன் சாக்ஸை இழுத்துவிடுகிறான். கோல்கீப்பரிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி நடக்கிறான். மாமா காபிச் செடிகளுக்கு நடுவில் நடப்பாரே, அதே நடை.

அன்புத் தங்கை,
சிவசக்தி


வெள்ளக்கடை
14 டிசம்பர் 2020

அன்புள்ள சிவசக்திக்கு,

உன் கடிதத்தில் வருஷம் போடவில்லை. நம் பள்ளிக்கூடத்து சிஸ்டர் இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தப்பைச் சொல்வது தாயின் வேலை. கைதட்டுவதற்கு ஊரே இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதியிருந்தேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். வருத்தம் இருக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது அல்ல. அந்த நடை. பதின்மூன்று வருஷமாக டிவியில் அவன் ஆட்டத்தை ஒன்று விடாமல் பார்க்கிறேன். ஒருமுறைகூட அவன் கையைப் பின்னால் கட்டி நான் பார்த்ததில்லை. அவரோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோனவள் நீ. அவர் நடையை அவர் மகனிடம் பார்க்கும் பாக்கியம் உனக்குக் கிடைத்திருக்கிறது, அதுவும் நீ கேட்காமலே. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். பெயர் தெரிவதால் அது குறைந்துவிடவில்லை.

ஆகவே கேட்கிறேன். ஜனவரியில் ஆட்டக்காரர் பட்டியலை மாற்றலாம் என்று விதி இருக்கிறது. ஒரு கிளப் முப்பது பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, யாரையாவது சேர்த்தால் யாரையாவது எடுக்க வேண்டும், அதற்கு மாதக் கடைசிவரை நேரம். அதே மாதத்தில் உடன் இருக்கும் குடும்பத்தாரையும் ஒருமுறை மாற்றலாம். நீ உன் வீட்டுக்குத் திரும்பு. தோசை நாய்க்குப் போவது நிற்கட்டும். நான் கோவாவுக்குப் போகிறேன்.

யுவராஜிடம் சொல். ஒரு தப்பும் சொல்ல மாட்டேன், எழுத மாட்டேன். கேலரியில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். எப்படியும் மாஸ்க் போட்டிருப்பேன். என் முகம் அவனுக்குத் தெரியாது.

அக்கா,
கலாவதி


கோவா
ஜனவரி 2, 2021

அன்பு அக்காவுக்கு,

வருஷம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். புது வருஷ வாழ்த்துகள்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். எனக்கு இந்த இடம் பெரிதில்லை, அக்கா. நீங்கள் முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே தந்திருப்பேன். யுவராஜிடம் உங்கள் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். மாஸ்க் என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பவும் படித்தான். அப்புறம், "அம்மா வரட்டுங்க சித்தி" என்றான். ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டான்.

மறுநாள் அவனே மேனேஜரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டான். நீங்கள் 8ஆம் தேதி வந்து வேறு ஓட்டலில் தனியாக இருக்க வேண்டும். 18ஆம் தேதி நான் கிளம்புவேன், நீங்கள் அறைக்கு வருவீர்கள். அதன் பிறகு அந்த அறையில் இருக்கிற எல்லோரும் ஒன்பது நாள் வெளியே வரக் கூடாதாம். யுவராஜும்தான். "ஒம்பது நாளு அம்மா கையால சாப்புட்டுட்டுப் படுத்துக்க சாமி, உனக்கும் ரெஸ்ட்" என்றேன். சிரித்தான்.

அவனுக்கு ரெஸ்ட் தேவைதான். முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டே இருக்கிறான். புதிதாக விக்னேஷ் என்று ஒரு பையன் வேறு கிளப்பிலிருந்து வந்திருக்கிறான், யுவராஜ் நிற்கிற அதே இடத்தில் ஆடுவானாம். இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை, தனிமையில் இருக்கிறான். எதிர் ஜன்னலிலிருந்து மலருக்கு டாட்டா காட்டுவான். நல்ல பிள்ளை, யுவராஜுக்கு உதவியாக இருப்பான்.

என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். மலரிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் பாலில் சர்க்கரை போடாதீர்கள், நாட்டுச் சர்க்கரைதான் குடிப்பாள். இங்கே வெயில் அதிகம், ஸ்வெட்டர் வேண்டாம்.

அன்புத் தங்கை,
சிவசக்தி


வெள்ளக்கடை
7 ஜனவரி 2021

அன்புள்ள சிவசக்திக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. உடனே பெட்டியை எடுத்தேன். சென்றாயனைக் கூப்பிட்டு உலர்களத்துச் சாவியைக் கொடுத்தேன். சேர்வராயன் கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். நான் அவ்வளவு சீக்கிரம் கும்பிடுகிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும்.

மாலையில் கவிதா பின்பாதி ஆட்டங்களின் கால அட்டவணையை அனுப்பினாள். வந்த பிறகு எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பேன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தேன். 18ஆம் தேதியிலிருந்து ஒன்பது நாளில் அவனுடைய கிளப்புக்கு மூன்று ஆட்டம். கொரோனாவால் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் அவன் அறைக்குள் இருப்பான். அவன் இடத்தில் விக்னேஷ் நிற்பான். விக்னேஷைச் சேர்க்க வேண்டுமென்றால் முப்பது பேரில் ஒருவரை எடுக்க வேண்டும், அதற்கு 31ஆம் தேதிவரை நேரம். ஒன்பது நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற, முழங்காலில் ஐஸ் வைத்திருக்கிற ஆளை விட்டுவிட்டு வேறு யாரை எடுப்பார்கள்?

உனக்கு இது தெரியாது. உன்மேல் கோபமில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும், சிவசக்தி. பட்டியலும் அட்டவணையும் ஆட்டக்காரர்களுக்கு நமக்கு முன்பே போய்விடும். தெரிந்துகொண்டுதான் "அம்மா வரட்டும்" என்றிருக்கிறான். தெரிந்துகொண்டுதான் நீ ரெஸ்ட் என்றதும் சிரித்திருக்கிறான்.

நான் வரவில்லை.

மேனேஜரிடம் சொல்லி அந்த ஏற்பாட்டை நிறுத்து என்று மட்டும் இன்றே உன் போனுக்கு அனுப்பிவிட்டேன். உன் பெட்டியைப் பிரித்து வை. நான் அட்டவணையைப் பார்த்தேன் என்று யுவராஜிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் அவன் பிடிவாதமாக என்னை வரவழைப்பான், அவன் அப்பாவின் பிள்ளை. காரணம் கேட்டால் காபிப் பறிப்பை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லையாம் என்று சொல். ஒண்டிக்கடையில் ஏற்கனவே அதைத்தானே சொல்கிறார்கள். காலையில் ஆராயி, "அப்ப போறீங்களாம்மா?" என்று கேட்டாள். "பழத்தப் போட்டுட்டு எங்க போறது?" என்றேன். "அப்பவே சொன்னனுல்லங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான் மனம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அந்த மஞ்சள் சேலை டிவியில் தெரிகிற ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு இறங்காது. நீ அங்கே, நான் இங்கே என்பது எனக்குப் பொறுக்கவில்லை, பொறுக்கப் போவதுமில்லை. ஆனால் யார் பார்ப்பது என்பதற்காக அவன் ஆடுவது நிற்கக் கூடாது.

தப்புகளை வழக்கம்போல அனுப்புவேன். நிறுத்தினால் அவன் சந்தேகப்படுவான். நீயும் வழக்கம்போல ஒன்று இரண்டைக் குறைத்து வாசி. கார்னர் கிக்கை மட்டும் விடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிவிக்காரன் பந்தை மட்டும்தான் காட்டுகிறான். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது என் மகன் என்ன செய்கிறான் என்று இந்த மலையில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதை எனக்கு எழுது. எத்தனை அடி நடந்தான், எந்தப் பக்கம் திரும்பினான், கையைப் பின்னால் கட்டினானா என்று எழுது. போனில் சொல்லாதே, நான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். மருந்து அடித்தாலும் பரவாத பால்பாயிண்ட் பேனாவில், தேதியும் வருஷமும் போட்டு, பதில் எழுது.

உன் அக்கா,
கலாவதி