நாலு தட்டுகளும் ஒன்பது செவ்வாய்களும்

நெல்லியடி,
15.05.2025

திரு. எமில்ராஜ் அவர்களுக்கு,

'அன்பின்' என்ற சொல்லைக் காணவில்லை என்று தேடாதீர்கள். அது காணாமல் போகவில்லை; நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பழக்கமான வித்தைதானே.

நான் பத்மாசினி ரீச்சர் வீட்டில் சுகமாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். பதினேழு வருடம் குருநகரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து படிப்பித்ததை நினைத்தால், உங்களோடு முன்பே கோபித்திருக்கலாம் போலிருக்கிறது.

போனில் உங்களைத் தடுத்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாயால் பொய் சொல்லும்போது உங்கள் குரல் பூசைப் பாட்டுப் போல இனிக்கிறது. எழுத்தில் அவ்வளவு திறமை இல்லை. ஆகவே இனி எல்லாம் கடிதத்தில். பருத்தித்துறை பஸ் கொண்டக்டர் கோகுலன் கொண்டுவந்து தருவான். உறையை ஒட்டாமல் கொடுத்தாலும் பயமில்லை. என்னிடம் படித்த காலத்திலேயே அவன் எதையும் வாசித்ததில்லை.

குற்றத்தை ஒருதரம் பதிந்து விடுகிறேன். பெப்ரவரியில் என் பூனை கறுப்பி உங்கள் தட்டிலிருந்து பொரித்த பாரை மீன் மூன்று துண்டு தூக்கினாள். மறுநாள் அவளைக் காணவில்லை. "எங்கையாவது ஆண்பூனைக்குப் பின்னாலை போயிருக்கும்" என்றீர்கள். நான் பாசையூர் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்தேன். ஒன்பது செவ்வாயும் நீங்கள் கூட வந்தீர்கள். மெழுகுதிரி கொளுத்தினீர்கள். ஏழாம் செவ்வாய் கண்ணையும் துடைத்தீர்கள். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதருக்கு முன்னால், கொண்டுபோய்த் தொலைத்தவரே நின்று அழுதிருக்கிறார்!

பத்தாம் செவ்வாய் சந்தையில் உங்கள் ஐஸ் கொம்பனி லொறி ஓட்டுகிற றமேஸ் சொன்னான்: "அக்கா, அண்ணை தந்த றெஜிபோம் மீன்பெட்டியை நான் பருத்தித்துறையிலை மீன் இறக்கிற இடத்திலை திறந்துவிட்டனான். அது உங்கடை பூனை எண்டு அவர் எனக்குச் சொல்லேல்லையே."

மன்னிக்க வேண்டும் என்று பங்குச் சுவாமி சொன்னார். அவருக்குப் பூனை இல்லை. நான் நேரே மிருக வைத்தியரிடம் போய், யாரும் எடுக்காமல் கிடக்கும் பூனைகளில் ஆகக் கரைச்சலான மூன்றைத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கி, உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்தேன்.

சீமானுக்குச் சலப்பையில் கல், மூத்திரம் அடைக்கும். வைத்தியர் எழுதித் தந்த பைக்கற் சாப்பாடு மட்டும், அதிலும் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்து. மீன் வாயில் படக்கூடாது. ஒரு சூடை மீனின் தலைகூட. றாணி ஏழு கிலோ. அவளுக்கு மெலியவைக்கிற ரின் சாப்பாடு, காலையில் அரை, மாலையில் அரை, சோறு ஒரு பருக்கையும் இல்லை. குஞ்சன் எலும்பும் தோலும். அவனுக்குக் குட்டிகளின் ரின், நாளைக்கு நாலு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒருவருடையதை மற்றவர் தின்றால் மூன்று பேரும் கெட்டார்கள்.

அவர்களில் ஒன்றுக்கு உங்கள் பொறுப்பில் ஏதும் நடந்து, அதை நீங்கள் மறைத்தால், நான் குருநகருக்கு வரும் கடைசித் தடவை என் அலுமாரியை எடுக்க வருவதாக இருக்கும்.

இப்படிக்கு,
யசிந்தா

*

குருநகர்,
24.05.2025

அன்பின் யசிந்தாவுக்கு,

நீர் ஒளித்து வைத்தால் என்ன, என்னிடம் ஒன்று மிச்சம் இருந்தது. மேலே போட்டிருக்கிறேன்.

பூனைகள் மூன்றும் நலம். நான் சுமார். முதல்நாள் மூன்று தட்டையும் வரிசையாக வைத்து, கல்யாணவீட்டுப் பந்தி போலப் பரிமாறினேன். றாணி தன்னுடையதை முடித்து, குஞ்சனுடையதை முடித்து, என் காலை நக்கிப் பார்த்தாள். சீமான் தன் பைக்கற்றை மணந்துவிட்டு, நிலத்தைப் பிறாண்டி அதை மூடப் பார்த்தான். பூனை எதை அப்படி மூடும் என்று உமக்குத் தெரியும். குஞ்சன் வெறும் தட்டில் ஏறிப் படுத்துவிட்டான்.

இப்போது ஒழுங்கு இது. குஞ்சனுக்கு அலுமாரி உச்சியில். றாணியால் அங்கே பாயமுடியாது, அவளால் கதிரைக்கே முடியாது. றாணிக்குக் குசினி. சீமானுக்குக் குளியலறை. நான் நடுவில் விளக்குமாற்றோடு. இருபது நிமிடத்தில் தட்டுகளைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும். பிறிஜ்ஜிலிருந்து எடுத்ததைச் சுடுதண்ணீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கினால்தான் சீமான் மூடாமல் தின்கிறான். கண்டுபிடிக்க நாலு நாள் எடுத்தது. ஐஸ் கொம்பனியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவனுக்குச் சாப்பாட்டைச் சூடாக்கத் தெரியாமல் இருந்தது அதிசயமில்லை.

ஆனால் மரியாதை போய்விட்டது. குருநகரில் ஒருவன் பூனைக்கு மீன் கொடுக்கமாட்டான் என்றால் அது கடலுக்கே அவமானமாம். பக்கத்து வீட்டு ஜெனிஸ் அக்கா மதிலுக்கு மேலால் கேட்கிறா: "என்ன எமில், பூனைக்குப் பத்தியமோ? பிள்ளை பெத்தவளுக்கும் இவ்வளவு பாக்கிறேல்லை!" அவ போனில் படம் எடுத்து உமக்கு அனுப்புகிறா என்பதும் தெரியும். உளவாளியிடம் சொல்லும், என்னை எடுக்கும்போது வயிறு தெரியாமல் எடுக்கச்சொல்லி.

எனக்கு இரத்தத்தில் சீனி 210. நீர் இருந்தபோது என் தட்டையும் இப்படித்தான் இருபது நிமிடத்தில் தூக்கினீர். றாணிக்கு நான் அளந்து வைக்கும்போது அவள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்கு நல்ல பழக்கம். நான் உம்மைப் பார்த்த பார்வை அது.

அன்புடன்,
எமில்

*

நெல்லியடி,
28.05.2025

திரு. எமில்ராஜ் அவர்களுக்கு,

உங்கள் சீனிக்கும் என் மனதை இளக்கும் வேலைக்கும் தொடர்பு வைக்கவேண்டாம். குரக்கன் மா குசினியில் மேல்தட்டில் இருக்கிறது. கை இருக்கிறது. எடுத்துப் புட்டு அவியுங்கள்.

குஞ்சனின் நாலாவது சாப்பாட்டை நீங்கள் தவறவிடுவதாக ஜெனிஸ் அக்கா சொன்னா. அலாரம் வையுங்கள். கள்ளப் பெட்டி கட்டுவதற்கு விடியற்காலை எழும்பத் தெரிந்தவருக்கு இது பெரிய விடயமில்லை.

நீண்ட கடிதம் எழுத நேரமில்லை. இங்கே எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. என்ன வேலை என்று கேட்கவேண்டாம். ஒன்பது கிழமைக்குச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
யசிந்தா

*

குருநகர்,
02.07.2025

அன்பின் யசிந்தாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டும் நன்றாக இருந்தன. அவற்றில் நான் நல்லவனாக இருந்தேன்.

போன வெள்ளி சீமானுக்குச் சலம் அடைத்துவிட்டது. மண்பெட்டிக்குள் ஏறுகிறான், குந்துகிறான், கத்துகிறான், இறங்குகிறான். ஒரு சொட்டும் இல்லை. அவனை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன். கொண்டுபோன பெட்டி அதே மாதிரி றெஜிபோம் பெட்டி. வேறு இருக்கவில்லை. மூடியை மூட எனக்கு மனம் வரவில்லை. கையாலேயே பொத்திக்கொண்டு போனேன். கை முழுக்கக் கீறல்.

வைத்தியர் குழாய் போட்டு எடுத்தார். "இன்னும் அரைநாள் பிந்தியிருந்தால் ஆள் இல்லை" என்றார். மூன்று நாள் அங்கே வைத்திருந்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். பைக்கற் சாப்பிடுகிறான். சலம் போகிறது. அவன் மண்பெட்டிக்குள் இறங்கினால் நானும் பக்கத்தில் குந்திப் பார்க்கிறேன். ஈரத்தைக் கண்டதும் சிலுவை போடுகிறேன். இதை யாரிடமும் சொல்லவேண்டாம்.

காரணம். ஜெனிஸ் அக்கா மதிலுக்கு மேலால் சூடை போட்டிருக்கிறா. ஒரு நாள் இல்லை, ஒன்பது பத்து நாள். உமது உளவாளிதான் குற்றவாளி என்று எழுதி, இங்கே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். கிழித்த இரண்டு கடிதமும் அப்படித்தான் முடிந்தன.

ஆனால் நான் பார்த்தேன், யசிந்தா. இரண்டாம் நாளே பார்த்தேன். அவன் பைக்கற்றை மூன்று நாளாகத் தொடவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அந்தச் சூடையை அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்ற அழகைப் பார்த்து, "ஒரு மீன் என்ன செய்யப்போகுது?" என்று உள்ளே வந்துவிட்டேன். பிறகும் பார்த்தேன். பிறகும் உள்ளே வந்தேன். ஜெனிஸ் அக்காவுக்கு அவனுக்குக் கல் என்று தெரியாது. பத்தியம் என்று நான் பகிடியாகத்தான் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரியும்.

நீர் அலுமாரியை எடுக்க வருவதானால் ஞாயிறில் வாரும், ஆட்களை ஒழுங்கு செய்கிறேன். குஞ்சனுக்கு வேறு உயரமான இடம் பார்க்கவேண்டும்.

எமில்

*

நெல்லியடி,
22.07.2025, செவ்வாய்

எமிலுக்கு,

இருபது நாள் பதில் போடாமல் வைத்திருந்தது வேண்டுமென்றுதான். நீங்கள் ஒவ்வொரு நாளும் பஸ் தரிப்பில் போய் கோகுலனின் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாக அவன் சொன்னான். "ரீச்சர், பாவமாக் கிடக்கு" என்றான். எனக்கும் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் அதைவிட ருசியாக இருந்தது.

அலுமாரி இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். மறைத்தால் என்றுதான் எழுதியிருந்தேன். நீங்கள் மறைக்கவில்லை.

இனி நான் மறைத்ததைக் கேளுங்கள். மே இருபத்தைந்து, ஞாயிறு, பருத்தித்துறை மீன் சந்தையில் பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்பியைக் கண்டேன். ஒரு காது பாதி இல்லை. முன்பற்கள் இல்லை. என்னைக் கண்டதும் ஓடவில்லை, கிட்டவும் வரவில்லை. நான் பைத்தியக்காரி மாதிரி நடுச்சந்தையில் இருந்து அழுதேன். மீன் வெட்டுகிறவர் எழும்பச்சொல்லி ஒரு கும்பிளா மீனைச் சும்மா தந்தார்.

அன்றிலிருந்து அவள் என்னோடு. பத்மாசினியின் பின் விறாந்தையில் வைத்து, ரின் சாப்பாட்டை மசித்துக் களியாக்கி ஊட்டி எடுத்திருக்கிறேன். ஒன்பது செவ்வாய் நீங்கள் என்னைத் தேட விட்டீர்கள். ஒன்பது செவ்வாய் நான் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தேன். இன்றோடு ஒன்பது. நான் அந்தோனியாருக்கும் சொல்லவில்லை. அவர் உங்கள் பக்கம் சாய்கிற ஆள்.

இப்போது ஒரு சிக்கல். அடுத்த செவ்வாய் நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றம். பத்மாசினி வீட்டில் இருபத்தைந்து நாளைக்கு மீன், இறைச்சி, எந்த மச்சமும் மணக்கக்கூடாது. ரின்னைத் திறந்தால் முருகனுக்கே மூக்கு விடைக்கும். "பூனையும் விரதம் இருக்கட்டுமே ரீச்சர்" என்று அவ பகிடிக்குத்தான் சொன்னா, ஆனால் சங்கடப்படுகிறா. கறுப்பியை கோகுலனிடம் கொடுத்து உங்களிடம் அனுப்புகிறேன். இந்தப் பெட்டிக்கு ஓட்டை இருக்கிறது.

சிக்கலுக்காக மட்டும் அனுப்புகிறேன் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் செய்ததை நாளைக்கு நாலு தரம் குனிந்து பார்க்கவேண்டும் என்றும் அனுப்புகிறேன்.

முன்பல் இல்லை, எல்லாவற்றையும் மசிக்கவேண்டும். கையால் ஊட்ட நினைக்காதீர்கள், உங்கள் கையை அவளுக்கு ஞாபகம் இருக்கும். தட்டை வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நில்லுங்கள். அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். சந்தையில் ஆட்கள் பார்த்தால் அடி விழுந்திருக்கிறது. அவள் சாப்பிடுவதும் விடுவதும் அவள் விருப்பம்.

யசிந்தா

*

குருநகர்,
05.08.2025

அன்பின் யசிந்தாவுக்கு,

கோகுலன் பெட்டியை வைத்துவிட்டு, "அண்ணை, உள்ளுக்கை இருக்கிறவ வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டு வந்தவ" என்றான். திறந்தேன். என்னைப் பார்த்தாள். பிறகு உமது அலுமாரிக்குக் கீழே போய்விட்டாள்.

முதல் நாள் தண்ணீர்கூடத் தொடவில்லை. கோழி ரின்னை மசித்து, இளஞ்சூடாக்கி, வைத்துவிட்டு நாலு அடி தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுவரில் வெள்ளை அடிக்கவேண்டும். றாணி வந்து கதவைச் சுரண்டினாள், பிடித்து அடைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு பூனைக்காகச் சுவரைப் பார்த்து நிற்கிற தண்டனை. இரண்டாம் நாள் காலையிலும் இல்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் புத்தி கெட்டு ஒரு பாரை பொரித்து, முள் எடுத்து, மசித்து வைத்தேன். அன்று மூன்று துண்டுக்குக் கணக்குப் பார்த்தேன், இன்று முழுமீனையும் தருகிறேன் என்று அவளுக்குச் சொல்லியும் விட்டேன். அவள் அதை மணந்து பார்த்தாள். நிலத்தைப் பிறாண்டி மூடினாள்.

நான் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். என்ன செய்தேன் என்று எழுதமாட்டேன். ஏழாம் செவ்வாய் போல இல்லை, இந்தத் தரம் எவரும் பார்க்கவில்லை, அந்தோனியாரும் பக்கத்தில் இல்லை.

மூன்றாம் நாள் காலை மறுபடி கோழி ரின். நாலு அடி. சுவர். பின்னால் நக்குகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. ஒரு கால் விறைத்தும் திரும்பவில்லை. சத்தம் நின்று, அவள் போய், அலுமாரிக்குக் கீழே உரஞ்சுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். தட்டு கழுவி வைத்தது போல இருந்தது.

இன்றைக்குப் பதின்மூன்று நாள். இப்போது இரண்டு அடிக்கு விடுகிறாள். முகம் மட்டும் பார்ப்பதில்லை.

றாணி ஆறரை கிலோ. குஞ்சன் அலுமாரியிலிருந்து யன்னலுக்குப் பாய்கிறான். சீமானுக்கு ஈரம் நன்று. ஜெனிஸ் அக்கா மதிலடிக்கு வந்து, கேட்டுவிட்டுத்தான் எதையும் போடுகிறா. என் சீனி 160. குரக்கன் புட்டு உமது கையால் அவித்தது போல வரவில்லை, ஆனால் தின்னலாம்.

வேறு விசேடம் இல்லை. ஒன்றும் கேட்டு எழுதவில்லை.

எமில்

*

நெல்லியடி,
08.08.2025

இஞ்சாருங்கோ,

ஞாயிறு பத்தரை பஸ்ஸில் வருகிறேன். சும்மா கறுப்பியைப் பார்க்கத்தான்.

பஸ் தரிப்புக்கு வரவேண்டாம். மத்தியானத்துக்குச் சோறும் ஒரு கறியும் வையுங்கள், பாரை வேண்டாம். என் தட்டை மேசையில் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நில்லுங்கள். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். சாப்பிடுவதா என்று அங்கே வந்து யோசிக்கிறேன்.

யசி