பொட்டுக்கு அடியில் இருந்த பொன்னெழுத்து

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

வேறு பெயர் சொல்லி நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. இனி ஏன் மாற்றவேண்டும்? அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

செய்தி உங்கள் வாளைப் பற்றியது. ஒஷாவாவில் ஒரு கிழவர் வீட்டுப் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கிவந்து, "ஒட்டோமன் சுல்தான் காலத்து வாளப்பா" என்று பெருமையடித்தீர்களே, அதுதான். உங்கள் செத்தவீட்டில்கூட என் அண்ணை, "மச்சான் நல்ல மனுசன், ஆனா உந்தத் தகரத்தை வாங்கி ஏமாந்திட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் அதைக் கூத்தில் ராசா வேசத்துக்குத் தரச்சொல்லி வேறு கேட்டார். ஏமாந்த மனிதர் என்ற பெயரோடு உங்களை நான் விடுவேனா?

மகள் துளசி என்னை மிசிசாகாவில் பழைய ஆயுதங்களை ஆராயும் ஒரு பெண்மணியிடம் கூட்டிப்போனாள். அவர் அலகின் வளைவைப் பார்த்தார்; நுனிக்குக் கிட்ட அது அகலுவதையும் கொம்புப் பிடியையும் பார்த்தார். ஒட்டோமன் காலத்துத் துருக்கி வாள்தான், இருநூறு வருடமாவது இருக்கும் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு, இதை எதால் தேய்த்தீர்கள் என்று கேட்டார். ஐயோ, என்னப்பா செய்து வைத்தீர்கள்! ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுக்கினீர்களே, அலகில் இருந்த தங்க எழுத்தெல்லாம் அதோடு போய்விட்டதாம். செய்தவர் பெயரும் ஆண்டும் அதில் இருந்திருக்கலாமாம்.

ஆனால் பிடிக்குக் கிட்ட வைத்த சந்தனப் பொட்டை நீங்கள் ஒருநாளும் தேய்க்கவில்லை. "சாமிக்கு வைச்ச பொட்டு, தானா விழட்டும்" என்பீர்கள். அதன்மேலேயே வருடாவருடம் வைத்து அது கல்லாகிவிட்டிருந்தது. அவர் மெல்ல நனைத்து எடுத்தார். அடியில் ஒரேயொரு சொல், பொன்னாக. 'இன்னார் செய்தது' என்று எழுதும்போது வரும் சொல்லாம். இன்னாரின் பெயர்தான் இல்லை.

அண்ணைக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தார்.

"அப்ப ஆர் செய்ததெண்டு தெரியாதோ?"

"தெரியாது. ஆர் அழிச்சதெண்டு தெரியும், ஆர் காப்பாத்தினதெண்டும் தெரியும். ரெண்டும் என்ரை மனுசன்தான்" என்றேன்.

அண்ணை சிரிக்கவில்லை. கூத்துப் பேச்சையும் எடுக்கவில்லை.

ரொறன்ரோவில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன, பூசை வருகிறது. வாள் வழக்கமான இடத்திலேயே இருக்கும். புளியை அதன் பக்கத்திலும் விடமாட்டேன், இது சத்தியம். பொட்டை இனி அலகில் வைக்காமல் வாளின் உறைக்கு வைப்பேன். இன்னொன்று உங்கள் படத்துக்கு. அதுவும் தானாக விழட்டும்.

உங்கடை மனுசி,
மலர்