கல்வெட்டில் இருந்த சிறை

14 ஜூலை 2025, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் இன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பள்ளி வாசலில் உள்ள நிறுவனர் கல்வெட்டின் முன் பிள்ளைகளை நிறுத்தினேன். ‘1942 போராட்டத்தில் சிறை சென்ற தியாகி.’ படித்ததும் என்ன கேட்கத் தோன்றுகிறது என்றேன்.

ஸ்ம்ருதிதான் முதலில் கை தூக்கினாள். “எந்த ஜெயில் மிஸ்? அது போடலையே.”

எனக்கும் தெரியாது, கண்டுபிடியுங்கள் என்றேன். அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே!

கேள்வியில் தொடங்கி வரலாறு கற்பிக்கும் இந்த முறையை லோகநாயகியும் நானும் ஒரே பயிற்சியில்தான் கற்றோம். இப்போது அவள் தலைமையாசிரியை. “தைரியமா பண்ணு ஷீலா. மேலேர்ந்து ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன்.”

2 ஆகஸ்ட், சனி

நிறுவனரின் இளைய மகன் வேதாசலம் ஐயா மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறார். லோகாவிடம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு போனேன். ஸ்ம்ருதி கேட்டதும் சிரித்துவிட்டார்.

“ஜெயிலா? எந்த ஜெயிலும் இல்ல. அப்பா அப்போ ரங்கூன்ல கிளார்க்கும்மா. ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ கைக்குழந்தை என்னைத் தோள்ல தூக்கிக்கினு காடு காடா நடந்து வந்தாரு. எங்கம்மா வழியிலேயே போய்ட்டா. கல்வெட்டு எங்க அண்ணன் வச்சது. நான் அப்பவே வாணாம்னேன்.”

ஜெர்சன் அழுதுவிட்டான். திரும்பும்போது கேட்டான்: “ஜெயிலுக்குப் போறத விட இது பெருசு, இல்ல மிஸ்?”

4 ஆகஸ்ட்

லோகாவிடம் சொன்னேன். அவளுக்கும் கண் கலங்கியது. “ஆண்டு விழால பசங்களே சொல்லட்டும்” என்றாள்.

11 ஆகஸ்ட், திங்கள்

தாளாளர் தசரதன் கூப்பிட்டார். நிறுவனரின் பேரன், கல்வெட்டு வைத்தது அவருடைய அப்பா.

“எங்க குடும்பத்தைப் பொய் சொல்றவங்கன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா மேடம்?”

பக்கத்தில் லோகா. அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசினாள்.

“நான் எவ்வளவோ சொன்னேன் சார், ஷீலா கேக்கல. உங்க சித்தப்பா வீட்டுக்குப் போனதே எனக்குத் தெரியாது.”

தெரியாதா? அடிப்பாவி, என் முகத்தையாவது பாத்திருக்கலாமே —

12 ஆகஸ்ட்

இனி எனக்கு ஆறாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பை லோகாவே எடுக்கிறாளாம். படிக்கட்டில் நிறுத்தி, “ரிட்டயர் ஆகற நேரம் ஷீலா. என் நிலைமைய புரிஞ்சுக்கோ” என்றாள்.

புரிகிறது. அதுதான் தாங்கல.

20 ஆகஸ்ட்

தினமும் அவளோடு வரும் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு, இன்றும் தனியாகப் பஸ்ஸில் வந்தேன்.

25 செப்டம்பர், வியாழன்

காலாண்டுத் தேர்வு. வேலை அதிகம் என்று ஒன்பதாம் வகுப்பு வரலாற்று விடைத்தாள்களைத் திருத்தச் சொல்லி லோகா என்னிடமே தள்ளிவிட்டாள். ஒரு கேள்வி அவளே சேர்த்தது: ‘நம் பள்ளி நிறுவனரின் சிறை வாழ்க்கை பற்றி எழுதுக.’ ஐந்து மதிப்பெண்.

பிள்ளைகள் அதை எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன்? அவள் சொல்லிக்கொடுத்த வரிகளை எல்லாரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஜெர்சனும்தான். ஸ்ம்ருதி இன்னும் ஒரு படி மேலே. கம்பிகளுக்குப் பின்னால் நின்று நிறுவனர் பாடிய பாட்டைக்கூடத் தானே இட்டுக்கட்டி, அழகான கையெழுத்தில், அடிக்கோடிட்டு.

ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் லோகா நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். இரும்புலியூரில் இறங்கும்போது என் பையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.