கொசோங் என்று நீ சொன்னது

தொட்டி காலி என்று நீ சொன்னாய். ஆவி சைபர் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தவறு உன் பெயரில் ஏறியது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டதால் அது சரியாகிவிடாது.

இன்று காலை தெமியாங் கடையில் நம் மேசையில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் போடுகிறவரைப் பார்த்து ஒருவர், "தே ஓ கொசோங் ஒண்ணு!" என்று கத்தினார். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் ஒரு தேநீர். சர்க்கரை வியாதி வந்தபிறகு நீ குடித்தது அதைத்தான். சட்டென்று திரும்பினேன். யாரோ ஒரு லாரிக்காரர். பக்கத்து மேசையிலிருந்து வந்த ஒருவர் என் எதிர் நாற்காலியில் கை வைத்து, "ஆள் இருக்கா, அண்ணே?" என்றார். "இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் போகும்வரை அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொசோங். மலாய் மொழியில் காலிக்கும் அதே சொல், சைபருக்கும் அதே சொல். போன் நம்பரில் வந்தாலும் கொசோங், வாளி தீர்ந்தாலும் கொசோங், உன் தேநீரும் கொசோங். ஒரு சொல்லை இத்தனை வேலைக்கு இழுத்தது நாம் எல்லாரும்தான். தண்டனை வாங்கியது நீ மட்டும்.

தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றாகப் பால் வெட்டியவர்கள் நாம். தோட்டம் கைமாறிய பிறகு பல வேலைகள் பார்த்து, கடைசியில் கடலோரத்து எரிவாயு முனையத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். நீ கப்பல் வந்து அணையும் ஜெட்டி மேடையில் சரக்கின் அளவு எடுப்பவன், நான் பம்ப் பார்ப்பவன். எனக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பு. திரவமாக்கிய எரிவாயுவை ஏன் கன அளவில் வாங்காமல் வெப்பக் கணக்கில் வாங்குகிறார்கள் என்று உன்னைக் கேட்டேன்.

"நம்ம பால எப்படிடா அளந்தாங்க?" என்றாய்.

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நிறுவைக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வாளியின் எடையோடு நிறுத்தமாட்டார். பாலில் ஒரு மிதவைக் கோலை விடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசு என்பதால் கெட்டிப் பாலில் கோல் ஆழ இறங்கும், தண்ணீர்ப் பாலில் உயரமாக நிற்கும். உள்ளே காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதுதான் அங்கே கணக்கு. இங்கேயும் அதேதான் என்றாய். இறக்குவதற்கு முன்னும் பின்னும் கப்பல் தொட்டியின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கப்பல் சாய்ந்திருந்தால் அதற்கு ஒரு திருத்தம், கடுங்குளிரில் தொட்டி சுருங்கியிருப்பதற்கு இன்னொன்று. இறங்கிய கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை. எடையை, ஒரு கிலோ எரிந்தால் எவ்வளவு வெப்பமோ அதனால் பெருக்கினால் சரக்கின் வெப்பம்.

"உள்ள நைட்ரஜன் இருக்கும்டா. எடைக்கு வரும், அடுப்புக்கு வராது. மாரியாயி வாளியில ஊத்துற தண்ணி மாதிரி."

மாரியாயி நம் பக்கத்து நிரையில் வெட்டியவள். இதைக் கேட்டிருந்தால் அந்த வாளியாலேயே உன்னை அடித்திருப்பாள்.

கடைசியில் ஒரு கழித்தல் இருக்கிறது. திரவம் இறங்க இறங்க, அந்த இடம் வெறுமையாக நிற்கக் கூடாது என்று கரையிலிருந்து எரிவாயு ஆவியைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்புவோம். அதுவும் எரிகிற பொருள்தான். கப்பல் அதைக் கொண்டுபோய்விடும். அதன் வெப்பத்தைக் கழிக்காவிட்டால், நமக்கு வராததை வந்ததாக எழுதியதாகிவிடும். "காலி டேங்கிதான் ஏமாத்தும், அதத்தான் நல்லாப் பாக்கணும்" என்பாய்.

அப்படிச் சொன்ன உனக்குத்தான் அது நடந்தது. அன்று நல்ல மழை. நான் கட்டுப்பாட்டு அறையில் வாக்கி டாக்கிக்குப் பக்கத்தில் நின்றேன். உன் குரல் வந்தது: "நாலு டேங்கியும் கொசோங். முடிஞ்சது." குளிர் விடாமலிருக்க அடியில் கொஞ்சம் திரவம் விட்டுவைப்பார்கள், அதையும் சேர்த்து நாம் கொசோங் என்றே சொல்வோம். கணினி முன்னால் இருந்த அதிகாரி, நம்ம ஆள்தான், ஒரு கட்டத்தில் சைபர் அடித்தார். நான் பார்த்தேன். அது ஆவிக்கான கட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மழை விட்டதும் நீ அனுப்பிய தாளை அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை.

கப்பல் தரப்பின் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகவில்லை. விசாரணை வைத்தார்கள். கேள்வி கேட்டவர் வேறொரு இளைய அதிகாரி.

"அங்கிள், ஜெட்டியில இருந்து கொசோங்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன்லா. டேங்கி கொசோங். கேஸ் கொசோங்னு சொல்லல."

"கொசோங்னா கொசோங்தானே, அங்கிள்."

"அப்ப தே ஓ கொசோங்ல தேயும் இருக்காதா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கேள்வி கேட்டவரின் முகம் மாறியது. உனக்குக் 'கவனக்குறைவு' என்று ஒரு கடிதம் கொடுத்து, பூட்சும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாய். நான் வாக்கி டாக்கியில் கேட்டதைச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே தோட்டம்" என்று என் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அதன்பிறகுதான் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தை வரிவரியாகப் படித்தேன். அடர்த்திச் சூத்திரம் மட்டும் என்னை எட்டு மாதம் அலைக்கழித்தது. விளங்கியதும் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஒரே ஒரு பதில் வந்தது: கோப்பு மூடப்பட்டது.

நீ சலித்துப்போனாய். "விடுடா. எனக்கே போதும்னு இருக்கு, உனக்கென்னடா?" என்றாய். "உனக்குப் போதும், எனக்குப் போதாது" என்றேன். நான்கு மாதம் கடைப் பக்கம் வராமல் இருந்தாய். ஆறுகிற புண்ணை நான் கிளறுகிறேன் என்று உன் மகள் சொன்னாள். இருக்கலாம். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

சிரம்பான் மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்த மாலை, வேறு எதையும் நீ கேட்கவில்லை. "அந்த லெட்டர எடுத்துட்டாங்களாடா?" என்றாய். "எழுதியிருக்கேன்" என்றேன். "நீ எழுதுவ" என்று சிரித்தாய்.

காரியம் முடிந்த பிறகு உன் மகள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே அன்று நீ எழுதிய தாளின் கார்பன் நகல். ஆவியின் வெப்பநிலை, அழுத்தம், நான்கு தொட்டிக்கும் தனித்தனியாக. ஆவியே இல்லை என்று நினைக்கிறவன் அதன் வெப்பநிலையை எதற்கு எழுதுவான்? "விசாரணைக்கு அப்புறம் அப்பா ஆபீஸ்ல காட்டினாராம், மாமா. நகல் செல்லாதுன்னுட்டாங்களாம். உங்ககிட்ட சொன்னா சண்டைக்குப் போவீங்கன்னு சொல்லல" என்றாள். ஆமாம், போயிருப்பேன். உன் எண்களை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கப்பல் தரப்பு சொன்ன விடையே வந்தது. சொல்வதற்கு நீ இல்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். சைபர் அடித்த அதிகாரி இப்போது ஓய்வு பெற்றுத் தம்பினில் இருக்கிறார். அடித்தது தானே என்று அவர் தன் கையால் எழுதித் தர வேண்டும். முனைய அலுவலகம் மூடிய கோப்பைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டு, எடுத்ததை உன் மகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஜெட்டியில் இன்று நிற்பவர்கள் வாக்கி டாக்கியில் கொசோங் என்று சொல்வதை விட வேண்டும். திரவம் எவ்வளவு மிச்சம், ஆவி எவ்வளவு என்று சொல்லட்டும். உன் மகள் நகலைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அது என் சட்டைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமை நான் தம்பின் பஸ் ஏற வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டால் செவ்வாய்க்கிழமையும் ஏற வேண்டும். அதுவரை தெமியாங் கடைக்காரர் அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்கக் கூடாது.